கதைத்தல்

வழிகாட்டி தந்த நகல் தாள்களில் ஓர் ஆறு ஓடியது.
ஒரு கரை மெக்சிகோ, மறுகரை அமெரிக்கா.
நடுவில் சில பெண்கள். சிகானாக்களாம்.
இரண்டு மொழியையும் ஒரே வாயில் போட்டு மென்றபடி
இதுதான் எங்கள் ஆய்வு முறை என்கிறார்கள்.
உடம்புதான் முதல் சான்று என்கிறார்கள்.
பாம்பன் பேருந்தில் ஜன்னலோரம் வாசித்தேன்.
அடிக்கோடு போடப் போட
பாலத்தின் குலுக்கலில்
கோடு எழுத்தின் மேலேயே ஏறிப் போனது.

இங்கே ஆறு இல்லை.
கடலில் ஒரு கோடு உண்டு, யாரும் பார்த்ததில்லை.
தலைமன்னாரிலிருந்து தொண்ணூறில்
அதைத் தாண்டித்தான் அம்மா வந்தாள்,
வயிற்றில் நான்,
மடியில் தையல் மெஷினின் தலை மட்டும்.
மண்டபம் முகாமில் பிறந்தேன்.
எந்த ஊர் என்று கேட்பவரைப் பொறுத்து
என் ஊர் மாறும்.

எங்கள் வீட்டில் கதைப்பது என்றால் பேசுவது.
ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று
"நான் அவளோடதான் கதைச்சனான், டீச்சர்" என்றேன்.
வகுப்பே சிரித்தது.
இந்தக் கரையில் கதை என்பது
விடுவது, அளப்பது, கட்டுவது.
அதன்பிறகு வீட்டில் கதைத்தேன், வெளியே பேசினேன்.
ஆய்வேட்டில் உரையாடுகிறேன்.

சின்னப்பாலத்தில் காத்திருந்தாள் பிரகாசி.
கல்யாணத்துக்கு முன் மண்டபத்துக்காரி,
ஒன்பதாவது வரை என் பெஞ்சு.
அன்று சிரித்தவர்களில் இவளும் ஒருத்தி.
சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை,
விரல்களில் பழந்துணி, அதன்மேல் சைக்கிள் ட்யூப்.
ஓடுதா? என்று ரெக்கார்டரைப் பார்த்தாள்.
ஓடியது.

நாங்க மாசத்துல பன்னெண்டு நாள் போவோம்.
நாங்க மூச்சப் புடிச்சு முங்கி
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குவோம்.
தீவுப் பக்கம் ஒருநா அந்தப் பொம்பள
பாரஸ்டுகாரங்கிட்ட மாட்டிக்கிட்டா.
மூட்டையக் கொட்டுன்னான்.
கழுத்தளவுத் தண்ணியில நின்னுக்கிட்டு
கொட்டுனா, பாவம்.

எந்தப் பொம்பள?
அவள் விரல் துணியை அவிழ்க்கத் தொடங்கினாள்.
உள்ளே ஊறி வெளுத்த தோல்,
நகத்தடியில் பாறை கிழித்த இடம்.
ஒலிப்பதிவில் அங்கே
பதினோரு வினாடி வெறும் காற்று.

'அந்தப் பொம்பள'யை 'நான்' என்று திருத்து,
வாசிப்பவர் குழம்புவார் என்கிறார் வழிகாட்டி.
காற்று இருக்குமிடத்தில் மௌனம் என்று போடச் சொல்கிறார்.
நான் திருத்தவில்லை.
ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது
நானும்தான் ஏமாற்றுகிறேன்.
அவள் சொன்ன 'நாங்க'
என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திய சொல்.
ஆங்கிலத்துக்கு இருப்பதோ ஒரே ஒரு 'வீ'.
டிக்கெட் இல்லாமல் அதில் ஏறிவிடுகிறேன்.

எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தொரு 'நாங்க'.
ஒரே ஒரு 'நாம':
குழுக்கடன் யார் பேர்ல இருந்தாலும் நாமதான கட்டணும்.
அந்நேரம் அவள் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள்.
அந்த 'நாம' யாருக்கு என்று
பத்து முறை கேட்டும் தெரியவில்லை.

ஒன்றை வழிகாட்டியிடம் சொல்லவில்லை.
கிளம்பும்போது பிரகாசி
ரெக்கார்டரைப் பிடுங்கி என் பக்கம் நீட்டினாள்.
உப்புக் கையால் பிடித்ததில் அதன் கண்ணாடி மங்கியது.
எல்லாத்தையும் என்கிட்டயே கேக்குற.
நீ சொல்லு இப்ப.
கதைச்சனான்னு ஒண்ணு சொல்லுவியே,
அதுல சொல்லு.

நான் வந்து, என்று தொடங்குகிறது அந்தக் கோப்பு.
பிறகு ஒரு வல்லத்தின் இன்ஜின் சத்தம்.
பிறகு அம்மாவின் குரலில் நான்.
நாற்பத்தாறு நிமிடம்.
இன்னும் எழுத்தாக்கவில்லை.
நடுவில் ஓரிடத்தில் அவள் சிரிக்கிறாள்.
இந்த முறை எதற்கென்று
எனக்குத் தெரியும்.